பெரியவர் செத்துப் பிழைத்தார்

“கதையில வர்ற அந்தச் சின்ன மகனை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் புத்தகம் அச்சுக்குப் போகட்டும்” என்றார் முதலாளியம்மா.

புரூஃப் சார் திருதிருவென்று விழித்தார். பதிப்பகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருத்தி, வேலையே அவருக்குப் பெயராகவும் ஆகிவிட்டிருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக ஓர் அட்டையில் அவருடைய சொந்தப் பெயர் வரப்போகிறது. மர ஆலை வைத்திருக்கும் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பருமன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து, ஆறு வருடம் தமிழாக்கியிருந்தார்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். எந்தப் புத்தகமானாலும் முதலாளியின் மனைவி, வக்கீலான தாய்மாமா, பல் டாக்டரான தம்பி ஆகிய மூவரும் படித்துத் தலையாட்டினால்தான் அச்சு. முதலாளி மட்டும் எதையும் படிப்பதில்லை. புத்தகம் போடுகிறவன் படிக்க உட்கார்ந்தால் தொழில் படுத்துவிடும் என்பது அவர் கொள்கை.

“சின்னவன் திரும்பி வர்றானேம்மா” என்று இழுத்தார் புரூஃப் சார்.

“எங்க வர்றான்? கடைசி வரியிலயும் அந்தத் தாய் வாசல்ல நின்னு தெருவையே பாத்துட்டு நிக்கிறா. அப்பா பெரியவர் தங்கமான மனுஷர். அவருக்குப் பிறந்தவன் பெத்தவளை இப்படி நிக்க வைப்பானா? நான் வரி விடாம படிச்சேன்.”

வரி விடாமல் படித்தவர் கொத்தாகப் பக்கங்களை விட்டிருக்கிறார் என்று புரூஃப் சார் நினைத்துக்கொண்டார். சொல்ல முடியுமா? சம்பளம் கொடுக்கும் வீட்டில் யாரும் பக்கம் விடுவதில்லை.

அடுத்து வக்கீல் மாமா.

“அந்தப் பெரியவர் பக்கா அயோக்கியன்யா” என்று ஆரம்பித்தார் அவர். “குழப்படியா ஒரு உயிலை எழுதி வெச்சுட்டு, செத்துப் போய், குடும்பத்தையே கோர்ட்டுக்கு இழுத்துட்டான். அவன் ஒரு நல்ல காரியம் பண்ணினதா ஒரு வரி இருக்கா?”

“முதலாளியம்மா அவரைத் தங்கம்னாங்க சார்.”

“அவளுக்கு எல்லாரும் தங்கம்தான். என் மருமகன், உங்க முதலாளியையே தங்கம்ங்கறா. அதை விடு. அந்தச் சின்னவன் பெட்டியும் கையுமா வந்து இறங்குறான், பங்கு கேக்குறான். முதல்ல அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான்? காரணம் வேண்டாமா?”

காரணத்தைச் சொல்லவே இரண்டு அத்தியாயம் இருந்தது. புரூஃப் சார் தலையைச் சொறிந்துகொண்டு பல் டாக்டரிடம் போனார்.

டாக்டர் ஒருவருடைய கடைவாயில் கருவியை விட்டுக் குடைந்தபடியே பேசினார். “அருமையான கதை சார். பேத்திதான் ஹீரோயின். ஆனா அந்தப் பெரியவர் எதுக்கு? சுவத்துல போட்டோவா தொங்குறார், ஆளாளுக்கு அதைப் பாத்துப் பெருமூச்சு விடுறாங்க. ஒண்ணு போட்டோவைக் கழட்டுங்க, இல்ல மனுஷனை உயிரோட கொண்டு வாங்க.”

நாற்காலியில் கிடந்த நோயாளி ‘ஆ’ என்றார். டாக்டர் அதை ஆதரவாக எடுத்துக்கொண்டார்.

தங்கம், அயோக்கியன், போட்டோ. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அலுத்துக்கொண்டே புரூஃப் சார் வீட்டுக்கு வந்தார்.

“கேட்டபடி மாத்திக் கொடுத்துடுங்களேன்” என்றாள் மனைவி. “எழுதினவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆச்சு. எழுந்து வந்து சட்டையைப் பிடிக்கவா போறார்? புத்தகம் வரட்டும். நீங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

சரி என்று முதலில் சின்னவனை வீட்டுக்கு வரவழைத்தார். தாய் கட்டிக்கொண்டு அழுதாள், சோறு போட்டாள். ஆனால் பின்னால் அவன் பெட்டியோடு வந்து இறங்க வேண்டுமே. அதனால் சாப்பிட்ட கையோடு மறுபடியும் வெளியே அனுப்பி, முதலாளியம்மாவிடம் காட்டினார்.

“வந்த பிள்ளையைக் கை காயறதுக்குள்ள துரத்திட்டீங்களே. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” என்றார் அந்த அம்மா. நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

புரூஃப் சார் அவனைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே தங்கவைத்து, கிளம்புவதைத் தள்ளிப் போட்டார். இப்போது வக்கீல் மாமா பிடித்துக்கொண்டார்.

“முதல் பக்கத்துல கிளம்பறான், அடுத்த பக்கத்துல வந்து நிக்கிறான். இவன் என்ன பஸ் கண்டக்டரா?”

இடையில் பெரியவரையும் சாகாமல் காப்பாற்றியாயிற்று. அதற்கும் மாமாவிடமிருந்து வந்தது இடி.

“ஏன்யா, ஆள் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது உயிலை எப்படிய்யா படிப்பாங்க? என் கேஸ் என்ன ஆறது?”

கதையில் வரும் வழக்கு எப்போது மாமாவின் வழக்கானது என்று புரூஃப் சார் கேட்கவில்லை. கேட்டால் ஃபீஸ் பற்றிய பேச்சு வரலாம். பெரியவரை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்படி செய்தார். எல்லோரும் செத்துவிட்டதாக நினைக்கிறார்கள், உயிலைப் படிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பேத்தி கல்யாணத்தன்று பெரியவர் காட்டிலிருந்து தாடியோடு நடந்து வருகிறார்.

“பிரமாதம்” என்றார் பல் டாக்டர். “ஆனா அத்தனை வருஷம் காட்டுல கிடந்தவருக்குப் பல் என்ன கதியாகியிருக்கும்? அதுக்கும் ஒரு வரி போடுங்க.”

அதையும் போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது கூடப் பரவாயில்லை, அந்தக் குரங்குக்குப் பல் சீர்திருத்தமும் செய்தாயிற்று.

ஒன்றுதான் அவரால் தாங்க முடியவில்லை. பெரியவர் சாகும் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டியிருந்தது. அதைத் தமிழாக்கிய வருடம்தான் அவருடைய சொந்த அப்பா போனார். அந்தப் பன்னிரண்டு பக்கங்களைத் திரும்பத் திரும்ப எழுதி, அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த அமெரிக்க மகன் வாயால் சொல்ல வைத்திருந்தார். தான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அவருக்கு எண்ணம்.

குப்பைக் கூடையிலிருந்து அந்தத் தாள்களை மனைவி எடுத்தாள். “இதையா தூக்கிப் போட்டீங்க?”

“அவர்தான் இனிமே சாகப் போறதில்லையே.”

“படிச்சுக் காட்டின அன்னைக்கு நாம ரெண்டு பேரும் சாப்பிடவே இல்ல, ஞாபகம் இருக்கா?”

அவருக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டார். அவளும் மாற்றிக் கொடுங்கள் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு வழியாக மூவரும் தலையாட்டினார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

“எங்க வீட்டுல மூணு பேரும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு விஷயத்தை நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. சாதிச்சுட்டீங்க. அட்டையில உங்க பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லிட்டேன்.”

“சின்னதாவே போடலாம் சார். போடாட்டாலும் பரவாயில்ல.”

“இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. இதோ, திருத்தின பிரதியைக் கொண்டு போய் பைண்டிங்ல கொடுங்க. கடைசியா ஒரு தடவை மூணு பேரும் பாத்துடட்டும்.”

புரூஃப் சார் தாள்கட்டை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவர் பெற்ற பிள்ளைதான், ஆனால் முகஜாடை பக்கத்து வீட்டைப் போல இருந்தது. பைண்டிங் அறையில், பிரதிகளைத் தைத்து அட்டை போட்டு மூன்று பேருக்கும் அனுப்பிவைக்கிற அம்மாள் பசைச் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கட்டை வாங்கிக் கையால் எடை பார்த்தார்.

“முன்னைக்கு இப்ப இன்னும் தடிச்சுப் போச்சே சார். போன தடவையே ஒண்ணாத் தைக்க முடியாம ஊசி உடைஞ்சுது.”

“எப்படியாவது தைச்சு அனுப்பிடுங்கம்மா” என்றார் புரூஃப் சார், திரும்பிப் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தபடி.

“அப்ப போன தடவை மாதிரியே மூணாப் பிரிச்சு, முன் பகுதியை முதலாளியம்மாவுக்கும், நடுப் பகுதியை வக்கீல் ஐயாவுக்கும், கடைசிப் பகுதியை டாக்டருக்கும் அனுப்பிடறேன் சார்.”