உள்ளங்கால் அட்டையும் ஆறு காவல்காரர்களும்

மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டால் மனுஷன் எதையும் செய்வான். லிஃப்ட்காரர் ஆட் பிளாக்கர் போட்டார்.

ஏன் போட்டார் என்று சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் நாமே சொல்லிவிடலாம்.

லிஃப்ட்காரர் என்றால், லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். ஊரையே உயரத்துக்கு ஏற்றி இறக்குகிற மனுஷன், தன்னை ஏற்றிக்கொள்ளத்தான் வழி தெரியவில்லை. மனைவி அவரைவிடக் கொஞ்சம் உயரம். கொஞ்சம் என்பது அவர் கணக்கு. பார்க்கிறவர்கள் கணக்கில் ஒரு தலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமையலறை மேல் தட்டிலிருந்து டப்பா வேண்டுமென்றால் அவர் குரல் கொடுப்பார், அவள் வந்து எடுத்துக் கொடுப்பாள். ஊமைப் படம் மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் மனைவியின் அண்ணன் வீட்டு விருந்தில் குடும்பத்தோடு படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"சார், நீங்க மட்டும் அந்தப் படி மேல ஏறி நில்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே படியேறினார். உள்ளுக்குள் செத்துப்போனார். மனைவி சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஷூவுக்குள்ளே வைக்கிற அட்டை ஒன்று உண்டாம், வைத்தால் ஆள் உயரமாகத் தெரிவானாம். தேடினார். பார்த்தார். "சீச்சீ, இந்த வயசில் இதென்ன வேஷம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மூடிவிட்டார். வாங்கவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார் பாவம்.

அந்தக் கம்ப்யூட்டர் மனைவியின் பிழைப்பு. டாக்டர்கள் பேசிப் பதிவு பண்ணி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து, இணையத்திலேயே திருப்பி அனுப்புவது அவள் வேலை. அடுத்த நாள் காலையில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்னங்க, யாரு இந்த ஆளு?"

திரையின் ஓரத்தில் ஒருவன் நின்றான். இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு'. முன்புவில் மூஞ்சியைத் தொங்கப்போட்டிருந்தான். பின்புவில் எல்லாப் பல்லும் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதைத் திறந்தாலும் வந்து நிக்கிறான். வானிலை பார்த்தா நிக்கிறான். செய்தி பார்த்தா நிக்கிறான்."

"அது எல்லாருக்கும் வர்ற விளம்பரம்தான்."

"எல்லாருமா குட்டையா இருக்காங்க?"

"இருப்பாங்க. நாம என்ன கண்டோம்!"

"இந்த 'முன்பு'ல இருக்கிறவனை எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்குங்க."

லிஃப்ட்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. "சரி சரி, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு."

"இன்னிக்கு லீவுன்னு சொன்னீங்களே?"

ஆபீசுக்குப் போகவில்லை. எதிர் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவர்.

"டாக்டர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். அவருக்கு ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்காம்."

"என்ன விளம்பரம்?"

"அதை அவர் சொல்லலை."

டாக்டர் லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ஆட் பிளாக்கர்னு ஒண்ணு இருக்கு சார். பிரவுசரோட ஒட்டிக்கிற குட்டி புரோகிராம். உங்க நண்பரைப் போட்டுக்கச் சொல்லுங்க. விளம்பரம் வாசல்லயே நின்னுடும்."

போட்டார். ஆள் மறைந்தான். லிஃப்ட்காரர் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இரண்டு நாள்தான். ஒரு செய்திப் பக்கத்தின் அடியிலிருந்து 'பின்பு' மறுபடியும் பல்லைக் காட்டினான். லிஃப்ட்காரர் டாக்டரைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நண்பருக்கு ரோஷம் அதிகம். இன்னொரு ஆட் பிளாக்கரைத் தானே தேடிப் போட்டார். அதையும் தாண்டி ஒரு வீடியோவுக்கு நடுவில் வந்தான். மூன்றாவது. அப்புறம் நான்காவது. பயம் பிடித்தவனுக்குப் பூட்டு எத்தனை போட்டாலும் போதாது. பிரவுசரின் மேல் மூலையில் ஆறு சின்னப் படங்கள் தோளோடு தோள் உரசி நின்றபோது அந்த ஆள் ஒருவழியாக ஒழிந்தான். அவனோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் ஒழிந்தது.

ஒரு பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றியது. பெட்டிக்குள்ளிருந்த விசிறி மிக்சி மாதிரி இரைந்தது. சில தளங்கள், "முதலில் உங்கள் ஆட் பிளாக்கரை நிறுத்துங்கள், பிறகு பேசலாம்" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிக் கதவைச் சாத்தின.

"என்னங்க, 'அனுப்பு'ன்னு இங்க ஒரு பட்டன் இருந்துச்சே, காணோம்!"

அதையும் விளம்பரம் என்று நினைத்து ஆறில் எவனோ ஒருவன் விழுங்கியிருந்தான்.

அந்த இடத்தில் லிஃப்ட்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. 'முன்பு' மூஞ்சி ஞாபகம் வந்ததும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"உன் மேலதாம்மா தப்பு," என்றார். "இவ்வளவு வேகமா தட்டினா அது திணறாதா? லிஃப்டுல எங்களுக்கு இதே தொல்லைதான். பட்டனைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க, அது அப்படியே நின்னுடும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தார். வரவில்லை.

"அப்படியாங்க? எனக்குத் தெரியாம போச்சே. அப்ப மெதுவா தட்டறேன்."

"ஆங்... மெதுவாவே தட்டு."

"மெதுவா தட்டினா வேலை முடியாதே. சமையல் யார் பண்றது?"

அவள் பச்சைப் பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே பண்றேன்," என்றார். தப்புப் பண்ணினவன் வேறு என்ன சொல்வான்?

அன்றைக்குச் சமையலில் தொடங்கியது. பாத்திரம் சேர்ந்துகொண்டது. துணி துவைக்கிறதும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக அடுப்படிதான். ஹாலை எட்டிப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னும் திறக்கலைங்க. என் ராசி அப்படி," என்பாள். அவருக்குச் சுருக்கென்று தைக்கும். செய்தது இவர், பழி அவள் ராசிமேல்.

தாங்க முடியாமல் மறுபடியும் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டாக்டர், என் நண்பர் ஆறு பிளாக்கர் போட்டுட்டாராம்."

"ஆறா! எதுக்கு சார் ஆறு?"

"பாதுகாப்புக்கு."

"சார், ஒவ்வொரு பிளாக்கர்கிட்டயும் பெரிய பட்டியல் இருக்கு. ஒரு பக்கம் திறந்தா அதுல இருக்கிற ஒவ்வொரு படத்தையும் எழுத்தையும் அந்தப் பட்டியலோட ஒத்துப் பார்க்கும். வாசலுக்கு ஒரு காவல்காரன் போதும். ஆறு பேரை நிறுத்தினா, வர்றவன் ஆறு தடவை பையைத் திறந்து காட்டணும். அதுல ஒருத்தன் பூட்டின கதவை இன்னொருத்தன் திறப்பான். கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் சாகும். ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடச் சொல்லுங்க."

"எதை வச்சுக்கிறது?"

"எதை வச்சாலும் சரி. அப்படி எந்த விளம்பரத்துக்குத்தான் சார் அவர் இவ்வளவு பயப்படறாரு?"

லிஃப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மனைவி குளிக்கப் போன சமயத்தில் ஒரே ஒரு பிளாக்கரை எடுத்தார். அடுத்த பக்கம் திறந்ததும் 'பின்பு' வந்து நின்றான். எங்கேடா போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது அவன் சிரிப்பு. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. எடுத்ததை அவசர அவசரமாகத் திரும்பப் போட்டுவிட்டுக் காய் நறுக்க ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஹாலில் அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம்... ஆமா, இந்த வாரமும் லேட்தான்... கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு மேடம், எனக்குத்தான் சரியா தட்டத் தெரியலை. என் வீட்டுக்காரர்கூட சொன்னார்... இல்லை மேடம், வேலையை மட்டும் எடுத்துடாதீங்க..."

குரல் கம்மியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வேறு.

லிஃப்ட்காரர் கையிலிருந்த தட்டு தொட்டியில் நழுவியது. அடப்பாவி, ஒரு அட்டைக்குப் பயந்து பெண்டாட்டி வேலைக்கே உலை வைத்துவிட்டாயே! இதைவிடக் குட்டையாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா? சோப்பு நுரையோடு ஹாலுக்கு ஓடினார்.

"ஏம்மா! போனை வை. உன் மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான் பண்ணினது."

"என்னங்க பண்ணினீங்க?"

சொன்னார். போட்டோக்காரரில் தொடங்கி, படி, அட்டை, டாக்டர், ஆறு பிளாக்கர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லச் சொல்லக் கூனிக் குறுகினார். அவர் உயரத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகிற காரியமா?

"உன் பக்கத்துல நிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதை உனக்குச் சொல்ல அதைவிட வெட்கம்."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். அப்புறம் மவுஸை நகர்த்தித் திரையின் மூலையில் இருந்த ஒரு வட்டப் படத்தை அழுத்தினாள். புதிதாக ஒரு ஜன்னல் திறந்தது. பளிச்சென்று திறந்தது. ஆறு படமும் இல்லை, வட்டமும் சுற்றவில்லை. அனுப்பி முடித்த வேலைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் எதிரில் பச்சை நிறத்தில் 'நேரத்துக்கு வந்தது' என்று போட்டிருந்தது.

"இது... என்னது?"

"எனக்குன்னு தனியா திறந்துக்கிட்ட பிரவுசர் கணக்கு. 'அனுப்பு' பட்டன் காணாம போன அன்னிக்கே கம்பெனியில கேட்டேன். பிளாக்கர் எதுவும் இல்லாம தனியா ஒண்ணு வச்சுக்கச் சொன்னாங்க. நீங்க ஆபீஸ் போனதும் இதுல உட்கார்ந்து வேலையை முடிச்சுடுவேன். நீங்க வர்ற நேரத்துக்கு உங்களோடதைத் திறந்து வட்டத்தைச் சுத்த விடுவேன்."

"அப்ப இந்தப் போன்?"

"என் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை எந்தக் கம்பெனியில போன் எடுக்கறாங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அட்டை விஷயம்..."

"அந்த ஆள் வந்து நின்ன அன்னிக்கே தெரியும். டாக்டர் குறிப்புல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடலாம்னு 'உ'ன்னு ஒரு எழுத்துதான் தட்டினேன். மிச்சத்தை அதுவே நிரப்பிடுச்சு. 'உயரம் கூட்டும் உள்ளங்கால் அட்டை, மனைவிக்குத் தெரியாமல் வைப்பது எப்படி'."

ஆறு காவல்காரர்களை வாசலில் நிறுத்தியவர், வீட்டுக்குள்ளே தான் தேடியதை அழிக்க மறந்திருந்தார். லிஃப்ட்காரர் சோப்புக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். கண் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். தப்பை என் தலையில கட்டினீங்களே, அன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." மவுஸைத் தள்ளி வைத்தாள். "அப்புறம் சமையல் நல்லா வந்துச்சு. சரி, அவசரமில்லைன்னு விட்டுட்டேன்."

எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து, அதாவது அவர் கைக்கு எட்டாத இடத்திலிருந்து, ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து வந்தாள். பிரித்தார். அதே அட்டை. ஒரு ஜோடி.

"என் தங்கச்சி கல்யாணம் வருதே, அதுக்குப் போட்டுக்குங்க. உங்களுக்கு மனசுல ஒரு குறை இருக்குன்னா அது தீரட்டும்."

லிஃப்ட்காரர் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒருத்தியிடமா இத்தனை திருட்டுத்தனம் பண்ணினோம் என்று நினைத்து நினைத்து வெட்கப்பட்டார். ஐந்து பிளாக்கரை அன்றைக்கே தூக்கி எறிந்தார்.

கல்யாணத்தன்று அட்டையை வைத்து, ஷூவை மாட்டி, கண்ணாடி முன்னால் நின்றார். நிஜமாகவே இரண்டு விரல் உயர்ந்திருந்தார். மனைவியின் தோளுக்குத் தோள் நிற்காவிட்டாலும் காதுக்காவது எட்டும். வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

டக், டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. மனைவி வந்தாள். காலில் புத்தம் புதுச் செருப்பு. குதிகால் நாலு விரல் உயரம்.

"எப்படி இருக்கு? எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா! உங்களுக்காகத்தான் இத்தனை வருஷமும் தட்டைச் செருப்பாவே போட்டுக்கிட்டிருந்தேன். இப்பதான் உங்களுக்கு அட்டை வந்துடுச்சே."

லிஃப்ட்காரர் அண்ணாந்து பார்த்தார்.

மண்டபத்தில் அதே போட்டோக்காரர். கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"சார், நீங்க மட்டும் அந்தப் படி மேல..."

"ஏறுங்க," என்றாள் மனைவி. "இங்க லிஃப்ட் கிடையாது."