உங்கள் தங்கை புறப்படாத விவரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உங்கள் தங்கை என்னைவிட நலம். "இனி இந்த வீட்டுல இருக்க மாட்டேண்ணே, வெள்ளிக்கிழமை கிளம்பி வர்றேன்" என்று அவள் உங்களிடம் போனில் அழுததாகக் கேள்வி. அவளுக்குக் கட்டில் போட்டிருந்தால் மடித்து வைத்துவிடுங்கள். வெற்றி எனக்கே!

எங்கள் கட்டடத்தில் பல தேசத்தார் இருந்தும் லிஃப்ட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கான நான் இதைச் சகிக்காமல், ஞாயிறு மாலை நம் வீட்டில் கூடி பைபிள் படிப்போம் என்று அறிவித்தேன். மேல்மாடி ரொட்டிக்கடைக்காரரும் எதிர்வீட்டு நர்ஸம்மாவும் தத்தம் மொழி பைபிளோடு வந்தார்கள். வந்த முதல் நாளே ரொட்டிக்கடைக்காரர் நேராக அடுக்களைக்கு நடந்தார். விருந்தாளி அடுக்களைக்குள் நுழைந்தால் நம் மானம் என்னாவது? குறுக்கே நின்று மறித்தேன். ஆறு வாரமும் மறித்தேன். உங்கள் தங்கை ஒரு வரிகூடக் கேட்காமல் உள்ளே டீ போட்டுக்கொண்டே இருந்தாள். நாங்கள் வெளியே சமூகப் புரிதலை வளர்த்துக்கொண்டே இருந்தோம்.

ஏழாவது வாரம், பைபிளில் ஓர் அக்கா அடுப்படியில் அல்லாட, அவள் தங்கை இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்கும் பகுதி வந்தது. உட்கார்ந்தவளைத்தான் அவர் மெச்சினார், ஆகவே நாமும் உட்கார்வோம் என்று விளக்கினேன். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, அந்த அக்கா இப்ப உங்க வீட்டு அடுப்படியிலல்ல நிக்கிறாங்க?"

ரொட்டிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஊர்ல வேண்டாதவனைத்தான் அடுப்படிக்குள்ள விட மாட்டாங்க. ஆறு வாரமா என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். மச்சான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மானத்தைக் காக்கிறேன் என்று வெளியே ஒரு மனுஷனை நோகடித்து, உள்ளே ஒருத்தியை அடைத்தும் வைத்திருக்கிறேன்.

விலகி நின்றேன். அவர் டீ போட்டார், நான் கோப்பை கழுவினேன் (மூன்றுதான் உடைந்தது, நீங்கள் தந்த செட்). உங்கள் தங்கை நாற்காலியில் உட்கார்ந்து கணீரென்று வாசித்தாள். முப்பது வருஷத்தில் அவள் வாசித்து நான் கேட்டதே இல்லை, மச்சான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அன்றிலிருந்து வாரம் முழுக்கச் சமையலும் நானே. ஆகவே அவள் வரமாட்டாள்.

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். கர்த்தர் உங்கள் வீட்டு அடுக்களையையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
வென்ற மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உங்கள் தங்கை வாசித்துவிட்டாள், சத்தமாகவே. "சமையல்தான் நீங்களே பண்றீங்களே, இனி எனக்கென்ன கவலை? ரெண்டு மாசம் அண்ணன் வீட்டுல நிம்மதியா இருந்துட்டு வர்றேன்" என்கிறாள். ரொட்டிக்கடைக்காரர் வழிக்கு ரொட்டி கட்டுகிறார், நர்ஸம்மா பெட்டி அடுக்குகிறார். வெள்ளிக்கிழமைதான். கட்டிலை மறுபடியும் விரித்துவிடவும்.