படாது மாமியின் போர்ட்டிகோவில் ஒரு மாடு

தேவேந்திரனே ஐராவதத்தின் மேல் ஏறி மயிலாப்பூரில் வந்து இறங்கினாலும், "இங்க யானையை நிறுத்தப்படாது, தள்ளிக் கொண்டுபோய்க் கட்டுங்கோ" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே ஜீவன் இந்தப் பூவுலகில் எங்கள் தெருப் படாது மாமிதான். தேவேந்திரனும் மறுபேச்சுப் பேசாமல் மந்தைவெளிப் பக்கம் போய் இடம் தேடியிருப்பான்.

மாமிக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கெல்லாம் படாது மாமிதான். சுவரில் சாயப்படாது, கேட்டைத் தட்டப்படாது, வாசலில் நின்று போன் பேசப்படாது. மார்கழி பஜனை கோஷ்டி ஒருமுறை மாமி வீட்டைத் தாண்டும்போது, "சுருதி சேராம பாடப்படாது, பெருமாள் பயந்துடுவார்" என்றாள். அன்றிலிருந்து அந்தக் கோஷ்டி எங்கள் தெருவை மட்டும் மௌனமாகக் கடக்கிறது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கே மாமிக்கு எதற்கு டெலிபோன் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்று பேசினாலே அடையாறில் இருப்பவர் "ஹலோ, சொல்லுங்க" என்பார். மாமா காலமாகிவிட்டார். பிள்ளை வெளிநாட்டில். பழைய தனி வீடு. காரை விற்ற பிறகு காலியாகக் கிடக்கும் போர்ட்டிகோ. அதற்கு நேர் எதிரே முதல் மாடியில் நான் குடியிருந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் என்பதால், மாமியின் படாதுகளில் பாதி என் தலையில்தான் விழும்.

மாமிக்கு ஜென்மப் பகை ஒன்று இருந்தது. அதற்கு நாலு கால், ஒரு வால். பெயர் ராஜாத்தி. பக்கத்துச் சந்தில் கொட்டகை போட்டு ஐந்து மாடு வைத்திருந்த பால்காரர் ஏகாம்பரத்தின் செல்லப் பசு. காலையில் பால் கறந்ததும் அவிழ்த்துவிட்டால், நேராக மாமி வீட்டு மதிலுக்கு வந்துவிடும். மாக்கோலத்தை நக்கும். மாவிலைத் தோரணத்தை இழுக்கும். ஒருநாள் கொடியில் காய்ந்த ஒன்பது கஜத்தில் மூன்று கஜத்தை மென்று விழுங்கிவிட்டது.

"மாமி, அது வாயில்லா ஜீவன். வுட்டுடு மாமி" என்றார் ஏகாம்பரம்.

"வாயில்லையா? அப்போ என் புடவை எது வழியா உள்ள போச்சு?"

அன்றிலிருந்து மாமி அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திப் பாக்கெட் பாலுக்கு மாறினாள். ராஜாத்தி மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுது. "டேய்! கீழ வாடா!" என்று மாமியின் குரல். வழக்கமான அதட்டல் இல்லை, குரலில் பதற்றம். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

மாமி கேட்டருகே நின்றிருந்தாள். வெளியே ராஜாத்தி. அதன் மூக்குக்கு நேராகச் செம்பருத்திக் கிளை தொங்குகிறது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திங்க மாட்டேங்கறதுடா! நான் கம்பையும் கீழ போட்டுட்டேன், அப்பவும் திங்க மாட்டேங்கறது!"

கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்திலிருந்து தொடைவரை தோலுக்கடியில் யாரோ நெல்லிக்காய்களைத் திணித்துத் தைத்ததுபோல் கட்டி கட்டியாக இருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. ஒரு முன்னங்கால் வீங்கியிருந்தது.

ஏகாம்பரம் வந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "இன்னா மாமி, ஒண்ணியும் இல்ல. கொசு கட்ச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

"கொசு கடிச்சு இவ்ளோ பெரிசா வீங்குமா? அது கொசுவா கழுகா?" என்றாள் மாமி.

மாலையில் விஷயம் வெளிவந்தது. ஏகாம்பரம் ராஜாத்தியைக் கயிற்றில் பிடித்துத் தெரு வழியாக இழுத்துக்கொண்டு போனார். கொட்டகைக்குப் போகும் திசையல்ல அது.

"ஏகாம்பரம்! எங்க இழுத்துண்டு போறே?"

"பெசன்ட் நகர் பீச்சாண்ட வுட்டுட்டு வரேன் மாமி."

தெருவே நின்றுவிட்டது. காய்கறி வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"விட்டுட்டு வரதா? சீக்கு மாட்டையா?"

ஏகாம்பரம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். "ஆதம்பாக்கத்துல என் மச்சான் கொட்டாயில இதே மேரி வந்துது மாமி. ஒண்ணுக்கு வந்துது, அப்பறம் எல்லாத்துக்கும் வந்துது. ரெண்டு மாடு பூட்ச்சி. எனக்கு கீறது ஒரே கொட்டாய். இத்த அங்க கட்னா மத்த நாலும் காலி. வெளிய தெரிஞ்சா எவன் பாலு வாங்குவான்? நான் இன்னா பண்ணட்டும், சொல்லு. வயித்துல கன்னு வேற கீது இதுக்கு."

மாமி தன் வாழ்நாளிலேயே பெரிய படாதைச் சொன்னாள்.

"விடப்படாது! கேட்டைத் திறக்கறேன். கொண்டுவந்து என் போர்ட்டிகோல கட்டு."

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள்: அந்தப் பக்கமாக வந்த ஸ்கூட்டர் ஒன்று, இந்த வார்த்தையைக் கேட்டு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டியது. ஓட்டிவந்தவர் எழுந்து, வலியைப் பார்க்காமல், "மாமி வீட்டுக்குள்ளயா?" என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை நான் எட்டிப் பார்த்தபோது போர்ட்டிகோவைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. மாமி ஒரு கையில் சானிடைசரும் மறு கையில் பழைய கொரோனா கால முகக்கவசங்கள் இரண்டுமாக நின்றிருந்தாள். இரண்டையும் சேர்த்துத் தைத்து ராஜாத்தியின் மூக்கில் மாட்டப் பார்க்கிறாள். ராஜாத்தி, காய்ச்சலிலும் கடமை தவறாமல், ஒன்றைத் தின்றுவிட்டது.

அரசு மருந்தகத்திலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். இளம் பெண். உடனே இரண்டாவது முகக்கவசத்தைப் பிடுங்கி வைத்தார். பார்த்ததுமே, "தோல் கழலை நோய்" என்றார். "வைரஸ்தான். ஆனா இது முக்கியமா தும்மல் இருமல்ல பரவறது இல்லம்மா. கடிக்கற ஈ, கொசு, உண்ணி. இதைக் கடிச்சிட்டு அடுத்த மாட்டைக் கடிச்சா, அங்க போய்டும்."

"ஈயா!" மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு ஈயா இவ்ளோ பெரிய மாட்டைச் சாய்க்கறது?"

"ஆமாம்மா. அதனால சீக்கு மாட்டை மத்த மாட்டோட கட்டக் கூடாது. ஊர் விட்டு ஊர் ஓட்டிட்டுப் போகக் கூடாது. ஒரே தொட்டியில தண்ணி காட்டக் கூடாது. இதைத் தொட்டவங்க கைகால் கழுவாம நல்ல மாட்டுக்கிட்ட போகக் கூடாது. சாணி, தண்ணி தேங்கக் கூடாது. புதுசா மாடு வாங்கி உடனே கூட்டத்துல சேர்க்கக் கூடாது."

ஒரே மூச்சில் இத்தனை கூடாதுகளை மாமி இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. பல பிறவிகளாகத் தேடிய குரு கிடைத்த பரவசம் அவள் முகத்தில் தெரிந்தது.

மற்ற நாலு மாடுகளுக்கும், சுற்றுவட்டாரத்தில் நன்றாக இருக்கும் எல்லா மாடுகளுக்கும் தடுப்பூசி போடவேண்டும் என்றார் மருத்துவர். நோய் வந்துவிட்டதால் ராஜாத்திக்கு அது கிடையாது. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் வைத்தியம். போடப்போவது ஆட்டம்மைத் தடுப்பூசி என்றதும் ஏகாம்பரம் அலறிவிட்டார்.

"இன்னாது! மாட்டுக்கு ஆட்டு ஊசியா? அப்பறம் அது ம்மேன்னு கத்துனா?"

"ரெண்டு வைரஸும் பங்காளிங்கதான். அதை அடையாளம் கண்டுபிடிக்கக் கத்துக்கிட்ட உடம்பு, இதையும் பிடிச்சிடும். ஆனா பலன் வரச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் ஈயைக் கிட்ட விடாதீங்க."

மறுநாள் தன் வீட்டு வாசலில்தான் தடுப்பூசி முகாம் என்று மாமி முடிவு செய்தாள். ராஜாத்தி இருக்கும் வாசலுக்கா நல்ல மாடுகளை ஓட்டிவருவது என்று மருத்துவர் பதறியபிறகு, அது தெருக்கோடிக் காலி மனைக்கு மாறியது. ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி எடுக்கிறாரா என்று மாமி தள்ளி நின்றபடியே கத்திக் கத்திக் கேட்டாள். பெசன்ட் நகர் மாடுகளுக்கே காது அடைத்திருக்கும்.

அடுத்து ஈ ஒழிப்பு. மாமியின் கொசுவலை மாட்டின் முன்பாதிக்குத்தான் போதுமானதாக இருந்தது. என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உன் கொசுவலையைக் கழட்டு."

"மாமி, என்னைக் கொசு கடிக்குமே!"

"கடிச்சா சொறிஞ்சுக்க உனக்குக் கை இருக்கு. அதுக்கு இருக்கா?"

"வால் இருக்கே மாமி."

"வால் கழுத்துக்கு எட்டுமா? நீ படிச்சவன்தானே?"

தெருவில் யார் வீட்டிலும் வலை மிஞ்சவில்லை. பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் சேர்த்துத் தைத்த பந்தலுக்குள் ராஜாத்தி கல்யாணப் பெண்போலப் படுத்திருந்தது. சாயங்காலமானால் வேப்பிலைப் புகை. முதல் நாள் போட்ட புகையில் தெருவே மறைந்துபோய், தெருக்கோடி அடுக்ககத்தில் யாரோ பயந்து போன் செய்ய, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்துவிட்டது. மாமி அசரவில்லை. "வந்ததுதான் வந்தேள், அந்தச் சாக்கடையில தேங்கினதைக் கொஞ்சம் அடிச்சுத் தள்ளிட்டுப் போங்கோ" என்றாள். திகைத்து நின்ற அந்த வீரர்கள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்துவிட்டுப் போனார்கள்.

அதற்குள் அடுக்ககத்து வாட்ஸப்பில் 'வைரஸ் பால்' என்று செய்தி பரவியிருந்தது. ஏகாம்பரத்தின் பாலை வாங்க ஆளில்லை. இந்த நோய் மனிதருக்கு ஒட்டாது, பாலை எப்போதும்போலக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். யார் கேட்கிறார்கள்? மாமி ஏகாம்பரத்தின் நல்ல மாட்டுப் பாலைக் காய்ச்சிக் காபி போட்டு, டவரா டம்ளருடன் நடுத்தெருவில் வந்து நின்றாள். புடவை போன நாளிலிருந்து பாக்கெட் பாலைத் தவிர வேறு தொடாத மாமி, எல்லோரும் பார்க்க ஒரே மடக்கில் குடித்தாள்.

"பாருங்கோ, எனக்குக் கொம்பு மொளைச்சிருக்கா?"

"அது முன்னாடியே இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரென்று தெரியவில்லை. (நான் இல்லை.) ஆனால் மறுநாளிலிருந்து பால் விற்க ஆரம்பித்தது.

இத்தனை சிரிப்புக்கும் நடுவே ராஜாத்தி இளைத்துக்கொண்டே வந்தது. கட்டிகள் உடைந்து புண்ணாயின. ஏகாம்பரம் நல்ல மாடுகளைப் பார்க்கவேண்டியிருந்ததால், மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி மாமியே புண்களைக் கழுவி மருந்து போட்டாள். மேலே வேப்பெண்ணெயும் மஞ்சளும். ஒரு பிற்பகல் நான் போனபோது போர்ட்டிகோவில் சத்தமே இல்லை. ஏகாம்பரம் கயிற்றுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். வயிற்றிலிருந்த கன்று தங்கவில்லை.

மாமி ராஜாத்தியின் தலையருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அதன் நெற்றியில் கை. அந்தக் கையை எடுக்காமலே ஏகாம்பரத்திடம், "உள்ள தயிர் சாதம் பெசஞ்சு வெச்சிருக்கேன். கைகால் அலம்பிண்டு போய்ச் சாப்பிடு. பட்டினி கிடக்கப்படாது" என்றாள். மாமி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு ஒரு காலையில், மாமி நீட்டிய அகத்திக்கீரையில் ராஜாத்தி ஒரு வாய் கடித்தது. மாமி போட்ட கூச்சலில் காய்கறி வண்டிக்காரர் ஓடிவந்தார். ஏதோ அசம்பாவிதம் என்று நினைத்தவர், விஷயம் தெரிந்ததும் வண்டியிலிருந்த கீரையையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டார். மெல்ல மெல்லப் புண்கள் ஆறின, பொருக்குகள் உதிர்ந்தன. ஏகாம்பரத்தின் மற்ற நாலு மாடுகளுக்கும் ஒன்றும் வரவில்லை. தோலெல்லாம் தழும்போடு ராஜாத்தி எழுந்து நின்றது.

இனி கொட்டகைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன நாளில் ஏகாம்பரம் கயிறோடு வந்தார். மாமியின் காலில் விழப்போனவரை, "தெருவுல விழப்படாது" என்று தடுத்தாள். ராஜாத்தி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனது.

மாலையில் என் கொசுவலையைத் திருப்பி வாங்கப் போனேன். மாமி போர்ட்டிகோவைக் கழுவி முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். எனக்கு அதுவே அதிர்ச்சி.

"ஏன்டா, நாளைக்குக் காலம்பற என்னோட ஏகாம்பரம் கொட்டகை வரைக்கும் வரியா? பாத்துட்டு வந்துடலாம்."

"நீங்களே போகலாமே மாமி."

மாமி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தாள். "தனியாப் போய் நிக்கக் கூச்சமா இருக்குடா. ஒரு மாட்டைப் பாக்க வந்தேன்னு என்னன்னு சொல்லிக்கறது?"

காலை எட்டு மணிக்கு முன்னால் கண் விழித்தே பழக்கமில்லாத நான், மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் குளித்துவிட்டு, கையில் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு மாமி கதவைத் திறப்பதற்காகக் காத்திருந்தேன்.