மாநாடு ஃபாதரும் மதில்சுவரும்

இரண்டு பேர் சும்மா நின்றாலே அதை மாநாடாக்கிவிடும் மனிதர் டெல்டாவிலேயே ஒருவர்தான் இருந்தார். குடவாசல் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கத்தோலிக்கக் குருவானவர். மதமும் அரசியலும் பற்றித் தலையணை கனத்தில் புத்தகங்கள் எழுதியவர். அவற்றை முழுதாகப் படித்தது புரூஃப் பார்த்தவர் மட்டும்தான். அவரும் பிறகு வேலையை விட்டுவிட்டாராம். எங்களுக்கு அவர் 'மாநாடு ஃபாதர்'.

அவர் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். ஒருநாள் காலை லீவு கேட்கப் போனேன்.

"இன்னிக்கு மச்சினன் கல்யாணம் ஃபாதர், குத்தாலத்துல."

"உக்காருங்க. கல்யாணத்தை அரசு நடத்தணுமா, திருச்சபை நடத்தணுமான்னு ஐரோப்பாவுல எவ்வளவு சண்டை தெரியுமா?"

தெரியாது என்று சொல்லித் தொலைத்தேன். நான் குத்தாலம் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரத்தின் முன் மதம் குனியக் கூடாது என்று எழுதியவர், மந்திரி கார் வந்தால் பொன்னாடையோடு முதல் ஆளாய் வாசலில் நிற்பார். கேட்டால், "கள ஆய்வு" என்பார். வேந்தர், அதாவது எங்கள் முதலாளி, எதைக் காட்டினாலும் ஃபாதர் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி மந்திரித்துவிடுவார். ஜெனரேட்டரைக்கூட விடவில்லை.

அப்படித்தான், வடிகாலை அடைத்து வேந்தர் எழுப்பிய மதில்சுவரையும் மந்திரித்தார். ஐப்பசி மழை வந்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல் பக்கத்து வயல்களின் சம்பாப் பயிர் மூழ்கியது. விவசாயிகள் சுவரருகே திரண்டார்கள்.

வேந்தர் போனில் சொன்னார்: "போய்ப் பேசுங்க ஃபாதர். நீங்க பேசினா அவங்களே கலைஞ்சிடுவாங்க."

ஃபாதர் குடையோடு வரப்பில் ஏறினார், பின்னாலேயே நானும். "அன்பான சகோதர சகோதரிகளே, ரோமப் பேரரசிலே..." என்று ஆரம்பித்தார். வரப்பு சரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"பாத்து சாமி! கையக் குடுங்க!" என்று லூர்துசாமி என்ற விவசாயி தூக்கிவிட்டார். வெள்ளை அங்கி முழுக்கச் சேறு, அழுகிய பயிர். ஃபாதர் அதில் ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, இப்படி அழுகிக் கிடக்கு?"

"சுவரு வந்ததிலேர்ந்து தண்ணி வடியல சாமி" என்றார் லூர்துசாமியின் மனைவி. "நீங்கதானே மந்திரிச்சு வச்சீங்க?"

ஃபாதர் அங்கியைப் பிழிந்தபடி சுவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேந்தருக்குப் போன் போடுங்க" என்றார். மறுபடி ரோம் வரப்போகிறது என்று பயந்தேன்.

"சுவரை இடிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். அவர் வாழ்நாளிலேயே சிறிய உரை அதுதான்.

பக்கத்தில் நின்ற விவசாயியிடம் கடப்பாரையை வாங்கி ஓங்கி ஓங்கிக் குத்தினார். சிமெண்ட் பூச்சுகூட உதிரவில்லை, மூக்குக்கண்ணாடிதான் விழுந்தது.

"தள்ளுங்க சாமி, நாங்க பாத்துக்கறோம்" என்றார் லூர்துசாமி. சாயங்காலம் தண்ணீர் இரைச்சலோடு வடிகாலில் ஓடியது. அழுகாத பயிர் தப்பியது.

மறுவாரமே ஃபாதரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். வழியனுப்பு விழா கூடாது என்று மேலிட உத்தரவு. கடலோரத்தில் ஒரு சின்னப் பங்குக் கோயிலுக்குக் குருவாகப் போனார்.

அறுவடை முடிந்ததும் லூர்துசாமியும் மனைவியும் லோடு ஆட்டோவில் ஒரு மூட்டை புது அரிசியோடு வந்தார்கள்.

"சாமி எங்க சார்?"

சொன்னேன். மூட்டையை இறக்கவேயில்லை. அந்த ஊருக்கு வழி மட்டும் கேட்டார்கள். வழி சொன்னால் குழம்பிப்போவீர்கள் என்று சாக்குச் சொல்லி, நானும் ஏறிக்கொண்டேன்.