ஒத்தப் பேனா சார்

தாமிரபரணி பாயும் இந்தச் சீமையில், பாடமே நடத்தாமல் மூன்று வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஒத்தப் பேனா சார்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரிக்கு அவர் வந்த முதல் நாளே பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டு, எங்களை மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார். குழுவுக்கு ஒரு தாள், ஒரு பேனா. மிச்சப் பேனாக்களைப் பழைய பிஸ்கட் டின்னில் வாங்கிப் போட்டுக்கொண்டார். போர்டில் ஒரு கேள்வி எழுதுவார். எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் வாகை மரத்தைப் பார்த்து நின்றுவிடுவார். பேனா வைத்திருப்பவன் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்ற இரண்டு பேர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். அவருக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். வாதாடலாம், முட்டி மோதலாம், எழுத மட்டும் கூடாது.

மதிய நேரம், அறுபது பேரும் தணிந்த குரலில் பேசுகிற முனகல், காற்றில் வாகை நெற்று சலசலக்கும் சத்தம், ஜன்னலில் பாதி மூடிய கண்களோடு அவர். பாதித் தூக்கத்தில் ஆற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும் அந்த வகுப்பு.

அவரே பாதி நாள் அப்படித்தான் மிதந்தார். ஒருநாள் காலையில் கல்லூரிக்கு வர வண்ணார்பேட்டையில் பஸ் ஏறியிருக்கிறார். கண்டக்டர் “திருச்செந்தூரா?” என்று கேட்டிருக்கிறார். ஏதோ யோசனையில் இவரும் தலையை ஆட்டியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் இறங்க வேண்டியவர் கடற்கரையில் போய் இறங்கினார். மறுநாள் முழங்கால் வரை உப்புப் பூத்த அதே பேண்டோடு வகுப்புக்கு வந்து, போர்டில் எழுதினார்: ‘அலை எங்கிருந்து சாய்ந்து வந்தாலும் கரைக்கு வரும்போது நேராகத் திரும்பிவிடுகிறதே, ஏன்?’ மூன்று நாள் மண்டையை உடைத்தோம். நான்காம் நாள் ஒரு குழு, ஆழம் குறைந்த பக்கம் அலையின் வேகம் குறைவதால் என்றது. அவர் “ம்” என்றார். அவரிடம் கிடைக்கும் ஆகப் பெரிய பரிசு அந்த ‘ம்’தான்.

எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. நான் வகுப்பில் முதல் மாணவன். என் குழுவிலோ, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மேலப்பாளையம் சுலைமானும், வாயே திறக்காத சேரன்மகாதேவி பேச்சியம்மாளும். என் விடையை என்னாலேயே எழுத முடியாது என்றால் அப்புறம் நான் எதற்கு? சந்தேகம் என்று அவரிடம் போனால், “அங்கன ரெண்டு பேரு இருக்காவல்லா, கேளு லே” என்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், ‘இவர் பாடம் நடத்துவதில்லை’ என்று கல்லூரி முதல்வருக்குப் பெயர் போடாமல் இரண்டு பக்கக் கடிதம் எழுதிப் போட்டேன். அவர் வருஷத்துக்கு வருஷம் வேலை நீட்டிக்கப்படுகிற கௌரவ விரிவுரையாளர் என்பது எனக்கு அப்போது தெரியாது. முதல்வரே வகுப்புக்கு வந்து பார்க்கப் போகிறார், சரியில்லை என்றால் அடுத்த வருஷம் சாருக்கு வேலை இல்லை என்று செய்தி வந்தது. “எந்தப் பாவி எழுதிப் போட்டானோ” என்றான் சுலைமான். நானும் கூடச் சேர்ந்து அந்தப் பாவியைத் திட்டினேன்.

அந்த நாளும் வந்தது. முதல்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றைக்காவது நாலு வார்த்தை நடத்துவார் என்று பார்த்தால், சார் வழக்கம்போல் கேள்வியை எழுதினார். குளத்தில் ஒரு தோணி, தோணிக்குள் ஒரு கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

பேனா என் கையில். அப்படியேதான் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். பேச்சியம்மாள் பைய, “இறங்கும்” என்றாள். சுலைமான் அவள் பக்கம் சாய்ந்தான். எனக்குப் பிடிக்காத விடையை என் கையாலேயே எழுதினேன். முதல்வர் நேராக எங்களிடம் வந்து தாளைப் பார்த்து முகம் சுளித்தார். “அதெப்படி இறங்கும்?” என்று என்னைக் கேட்டார். நான் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினேன். அவர் சாரைப் பார்த்து, நீங்களாவது விடையைச் சொல்லுங்கள் என்றார். சார் ஜன்னலை விட்டு அசையவில்லை. “அவுங்க மூணு பேரு இருக்காவ சார்.”

போச்சு, வேலை போயே போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் எழுந்தாள். “கல்லு தோணியில இருக்கையில அதோட எடைக்குத் தக்கன தண்ணிய ஒதுக்கும் சார். உள்ள முங்கிட்டா அது பருமன் அளவுத் தண்ணியத்தான் ஒதுக்கும். கல்லு தண்ணிய விடக் கனம்லா, அதான் ஒதுக்குறது கொறையுது.”

முதல்வருக்கு நம்பிக்கை வரவில்லை. சுலைமான் ஓடிப்போய் லேப்பிலிருந்து கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். அவனுடைய சாப்பாட்டுத் தூக்குச்சட்டிதான் தோணி. கதவுக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை நான் எடுத்து அதற்குள் வைத்து மிதக்க விட்டேன். பேச்சியம்மாள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டினாள். கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். மட்டம் பொட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கி நின்றது. முதல்வர் குனிந்து வெகுநேரம் அந்தப் பொட்டையே பார்த்தார். பிறகு எங்கள் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார்.

சாருக்கு வேலை நீண்டது. அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவரிடம் போய், கடிதம் எழுதியது நான்தான் என்றேன்.

“முதல்வர் காட்டுன கடுதாசியில கையெழுத்தப் பாத்தப்பவே தெரியும் லே” என்றார். “நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா தனியா எழுதிட்ட. அவுங்க ரெண்டு பேரையும் கேட்டிருந்தா இன்னும் நாலு குறை கிடைச்சிருக்கும்.”

அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதிய இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் சுலைமானுக்கும் பேச்சியம்மாளுக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தினேன். பேனா மட்டும்தான், சார், என் கையில் இருந்தது.