ஆபத்தில்லாத நோயாளி

பத்து அடி நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற தையற்காரர், எதிரெதிரே இருந்த இரண்டு இதய மருத்துவமனைகளின் பலகைகளையும் படித்துவிட்டுத்தான் முடிவெடுத்தார். ஒன்றில் ‘நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் நலம்’ என்றிருந்தது. மற்றதில் நூற்றுக்கு நூறு. துணி எடுக்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்கிற மனிதர், நூறுக்குள் நுழைந்தார். மனைவியும் மச்சானும் கூட வந்தார்கள்.

ரத்தக்குழாய் அடைப்பைப் பலூன் வைத்து நீக்குமுன், நோயாளியின் ஆபத்தை அளவிடும் பொருட்டு அங்கே ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருந்தார்.

“சர்க்கரை?”

“இருக்குங்க.”

“மூணு புள்ளி. கிட்னி?”

“கொஞ்சம் மந்தம்.”

“மூணு. நெஞ்சுவலி?”

“அதுக்குத்தானே வந்தேன்!”

“அஞ்சு. மொத்தம் பதினொண்ணு. பத்தைத் தாண்டினா நாங்க தொடமாட்டோம். ஆபத்து குறைஞ்சதும் வாங்க.”

“எப்படிங்க குறையும்?” என்றாள் மனைவி.

“அடைப்பை எடுத்தா தானா குறையும்மா.”

“அப்ப எடுங்களேன்!”

“குறையாம எப்படிம்மா எடுக்கிறது?”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதிகாரியும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. ஒரு குடும்பத்தைச் சும்மா திருப்பி அனுப்ப மனம் வராமல், மூட்டை தூக்கி உரமேறிய மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களுக்கு நெஞ்சுவலி உண்டா?”

“தலைவலிகூட வந்ததில்ல சார்.”

“பூஜ்யம்!” அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது. “இப்படி ஒரு நோயாளி கிடைச்சு எத்தனை நாளாச்சு!”

மச்சான் வாயைத் திறப்பதற்குள் பச்சை அங்கியை மாட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நோயாளிக்குத் துணையாக வந்தவர் என்ற முறையில், தையற்காரர் மருந்து வாங்க மூன்று மாடி இறங்கி ஏறினார்.

ஒரு மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்தார். “குழாயெல்லாம் கழுவி வெச்ச மாதிரி இருக்கு. அபார வெற்றி!”

தையற்காரர் மருந்துப் பையோடு தரையில் சரிந்தார்.

“நல்லவேளை, இவர் துணைக்கு வந்தவர்தான், கணக்குல வரமாட்டார்” என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். “எதிர்ல கூட்டிட்டுப் போங்கம்மா. அவங்க யாரா இருந்தாலும் சேத்துக்குவாங்க.”

மனைவி ஒரு சக்கர நாற்காலியைப் பிடுங்கி, அவரை உட்காரவைத்து, மூச்சு வாங்கச் சாலையைக் கடந்தாள். வாசலில் தையற்காரர் கண்ணைத் திறந்தார். பலகையைப் பார்த்ததும் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“தொண்ணூத்திரண்டுதானே... திருப்பு. அங்கயே இன்னொரு தடவை கேட்டுப் பாப்போம்.”

“உசிரு போற நேரத்துல என்னங்க கணக்கு!”

அப்படிச் சொன்னாளே தவிர, பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவளும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தாள்.