சின்னதாகப் பார்த்து ஒரு முட்டை

திங்கட்கிழமை காலை லுத்பியா பரணிலிருந்த பெரிய சட்டியை இறக்கிக் கழுவி, பின்முற்றத்தில் வெயிலில் கவிழ்த்துவைத்தாள். கூட்டுக்குள் நின்ற நாலு கோழிகளும் அதைப் பார்த்தன. றவூப் ஹாஜியாரும் பார்த்தார்.

"இப்ப என்னத்துக்கு இந்தச் சட்டி?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு தம்பி ஹபீஸ் குடும்பத்தோட வாறான். புரியாணி."

"எறச்சி?"

லுத்பியா கூட்டைப் பார்த்தாள்.

"அதுகள் முட்டைக் கோழி, லுத்பியா!"

"முட்டை போட்டாத்தான் முட்டைக் கோழி. ஆறு மாசமாகுது. நீங்க போட்ட தீனிக்கு சேவலெண்டாலும் வெக்கத்தில ஒரு முட்டை போட்டீக்கும்."

"கொண்டை செவந்து வருது, பாரு. முதுகில கைய வெச்சா குந்துது. முட்டைக்கு வாற நேரம் அப்பிடித்தான். இன்னம் நாலஞ்சு நாள்..."

"நாலஞ்சு இல்ல, மூணு நாள். வியாழக்கிழம அஸர் தொழுகைக்கு முந்தி முட்டையக் கண்டா முட்டைக் கோழி. காணாட்டி புரியாணிக் கோழி."

றவூப் கொழும்புப் புறக்கோட்டையில் நாற்பது வருடம் புடைவைக் கடை நடத்தியவர். போன வருடம் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றில் வீட்டோடு அடங்கினார். கடையில் அவர் படியேறினால் ஏழு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் அவரைக் கண்டு ஓடிவருபவை இந்த நாலு கோழிகள் மட்டுந்தான். அவற்றுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்த சரக்கை விற்க மனம் வராது என்பது தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனாலும் எது எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்க்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அதுகளின் கழுத்தில் கத்தி விழுந்தால் தன்னைக் கண்டு ஓடிவர இந்த உலகத்தில் யாருமில்லை என்பதும் தெரியும்.

புதன்கிழமை மாலை வரை கோழிகள் தங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் றவூப் ஒழுங்கை முனையிலிருந்த அர்ஷாத்தின் கடைக்குப் போனார்.

"சின்னதாப் பாத்து ரெண்டு முட்டை தா."

பெரியதை நோக்கிப் போன அர்ஷாத்தின் கை அந்தரத்தில் நின்றது. "சின்னதாவா ஹாஜியார்?"

"ஓ. இருக்கிறதுல சின்னது."

அவன் ஒன்றை எடுத்து நீட்டினான். றவூப் அதை வாங்கி, புடைவையின் நூலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பெருசு. வேணாம்."

"அல்லாஹ்வே, இந்த ஊர்ல மத்த ஆக்கள் எல்லாம் இதையே சின்னதெண்டு சண்ட பிடிக்கிற."

"மத்த ஆக்களுக்கு வயசு வந்த கோழிட முட்டையப் பத்தித்தான் தெரியும். கன்னி முட்டை சின்னனாத்தான் ஈக்கும். முட்டைக் கோதும் கபில நிறமா ஈக்கணும்."

"அப்ப ஹாஜியார், ஒங்கட கோழி..."

"நீ வில சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

அர்ஷாத் கிளறிச் சின்னதாக இரண்டை எடுத்து விலை சொன்னான். றவூப் பேரம் பேசாமல் கொடுத்தார். அவன் பயந்துபோனான்.

வியாழக்கிழமை லுத்பியா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, றவூப் இரண்டு முட்டைகளிலும் ஒட்டியும் ஒட்டாமலும் கொஞ்சம் எச்சம் பூசி, ஒரு இறகையும் சேர்த்து, வைக்கோலுக்குள் வைத்தார். பழைய சரக்கைப் புதியதாகக் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்த கலை. புதியதை அழுக்காகக் காட்டியது இதுதான் முதல் தடவை.

லுத்பியா வந்து பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், கணவரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்," என்றாள். சட்டி பரணுக்குப் போனது.

றவூப் மூச்சுவிட்டார். அது பாதியில் நின்றது.

"ஒருக்கா தொடங்கினா நிப்பாட்டாதாமே. நாளைக்கும் ரெண்டு ஈக்கும், என்ன?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் றவூப் மறுபடி அர்ஷாத்தின் கடையில் நின்றார்.

"சின்னது இல்ல ஹாஜியார்," என்றான் அவன், வெற்றிலை போடாதவன் வெற்றிலை போட்டதுபோல் வாயை இறுக்கிக்கொண்டு. "முழு வெள்ளவத்தையிலயும் இல்ல. தெஹிவளைப் பாலத்தத் தாண்டி ஜீவராஜ்ட கடையில கேட்டுப் பாருங்க."

சந்தையில் ஒரு சாமான் திடீரென்று காணாமல் போவது றவூபுக்குப் புதிதல்ல. யாரோ மொத்தமாகப் பதுக்குகிறார்கள் என்று முடிவுசெய்தார். பஸ் ஓடும் காலி வீதியோடு நடந்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஜீவராஜ் ஹட்டன் பக்கத்து ஆள். மீசையில் பாதி நரை.

"நடந்தா வந்தீங்க அய்யா?"

"ஓ. சின்ன முட்டை ஈக்கா?"

"இருக்குங்க." கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டை எடுத்தான். றவூப் மனதில் நினைத்த அதே அளவு, அதே நிறம்.

திரும்பும்போது கால் வலித்ததால் பஸ்ஸில் ஏறினார். முட்டைகள் சட்டைப் பையில் இருந்தன. அடுத்த தரிப்பிடத்தில் ஓர் ஆசிரியை அவர்மேல் சாய்ந்தார். அதற்கடுத்த தரிப்பிடத்தில் றவூப் இறங்கி, நெஞ்சில் மஞ்சள் கரு வழிய, வேறு இரண்டு வாங்க மறுபடி பாலத்தை நோக்கி நடந்தார்.

"சட்டையில என்ன?" என்று கேட்டாள் லுத்பியா, வீட்டுக்கு வந்ததும்.

"பள்ளியில கஞ்சி குடுத்தாங்க."

"மஞ்சள் கஞ்சியா?"

"சவ்வரிசி."

ஜும்மாவுக்குப் பிறகு கொலன்னாவையிலிருந்து ஹபீஸ் வந்தான். லுத்பியா கடையில் வாங்கிய இறைச்சியில் புரியாணி சமைத்து, அன்றைய இரண்டு முட்டைகளையும் தம்பிக்குப் பொரித்து வைத்தாள். ஹபீஸ் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினான்.

"மச்சான், இதுதான் முட்டை. நாங்க கடையில வாங்கித் தின்னுறது என்ன சாமானோ தெரியா."

றவூப் புரியாணியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எனக்கு ஊட்டச் சுத்திப் பெரிய வளவு ஈக்கி. நாலு கோழியையும் எனக்குத் தாங்க. என்ன வில?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் "என்ன விலை" என்ற கேள்விக்கு இல்லை என்ற பதிலை றவூபின் நாக்கு நாற்பது வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆளை விரட்டும் நோக்கத்தோடு ஒரு விலை சொன்னார். ஹபீஸும் புறக்கோட்டையில் கைக்கடிகாரம் விற்று வளர்ந்தவன். பாதி சொன்னான்.

"பாதிக்குக் கோழிட சத்தம் மட்டும் கேக்கலாம்."

"அப்ப நீங்க சொல்ற விலைக்கு அது பாங்கு சொல்லுமா மச்சான்?"

"சரி, ஒனக்கெண்டபடியா கொஞ்சம் எறங்கிறன்."

"ஒங்களுக்கெண்டபடியா நானும் ஏறுறன். ஒங்கட விலையும் வேணாம், என்ட விலையும் வேணாம். நடுவில கைய குடுங்க."

றவூப் கையைக் கொடுத்தார். குலுக்கி முடிந்தபின்தான், தான் எதை விற்றோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம கூட்டோட வந்து ஏத்துறன்," என்றான் ஹபீஸ்.

லுத்பியா கரண்டியோடு அப்படியே நின்றாள். "ஊட்டுல ஒருத்தரிட்ட ஒரு சொல்லுக் கேக்காம வித்தாச்சா?"

"வியாபாரம் படிஞ்சிட்டு, லுத்பியா," என்றார் றவூப், மையித்து விழுந்த வீட்டுத் துக்கக் குரலில்.

கை கொடுத்த வியாபாரத்தை விற்றவன் முறிக்கக் கூடாது. வாங்கியவனே வேண்டாம் என்று சொல்லவேண்டும். கோழி முட்டையை நிறுத்தினால் ஹபீஸ் சொல்லுவான். சனிக்கிழமை றவூப் தெஹிவளைக்குப் போகவில்லை. கூட்டிலும் முட்டை இல்லை.

"என்ன, இண்டைக்கு ஒண்டையும் காணல்ல?" என்றாள் லுத்பியா.

"கண்ணூறா ஈக்கும்."

"முட்டை போடாத கோழிய உசிரோட தம்பிக்கு எப்பிடிக் குடுக்கிற? வெக்கக்கேடு. அறுத்து, கழுவி, துண்டுபோட்டுக் குடுப்பம்."

சட்டி பரணிலிருந்து இறங்கியது.

அன்றிரவு றவூப் யோசித்தார். இரண்டு முட்டை போட்டால் கொலன்னாவை. ஒன்றும் போடாவிட்டால் சட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரேயொரு இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஜீவராஜின் கடைக்கு நடந்தார்.

"ஒண்டு போதும்."

"நடந்தா வந்தீங்க அய்யா?"

"ஓ, ஓ."

அந்த ஒற்றை முட்டையைக் கூட்டில் வைத்துவிட்டு ஹபீஸுக்கு டெலிபோன் எடுத்தார். "மச்சான், மறைச்சு விக்கிறது எங்கட பழக்கமில்ல. நாலு கோழிக்கும் சேத்து நாளைக்கு ஒண்டுதான்."

"மத்த மூணும்?"

"பாத்துக்கொண்டு நிக்கிது."

"அப்ப வேணாம் மச்சான், கோவிக்காதீங்க."

தன் சரக்கின் பெயரைத் தானே கெடுத்து றவூப் சந்தோஷப்பட்டது அன்றுதான். லுத்பியாவும், "ஒண்டெண்டாலும் முட்டை முட்டைதான், ஆனா நாள் தவறப்படாது," என்று சட்டியை ஏற்றிவைத்தாள்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கு நாலு உயிர் என்ற கணக்கில் றவூப் நடந்தார். பள்ளியில் பத்திரிகை வாசிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்குப் புறப்படுவார். ஒன்பதுக்குப் பிறகு திரும்புவார். லுத்பியா அவருக்கு ஒரு சோடி கான்வஸ் சப்பாத்துக்கூட வாங்கிக் கொடுத்தாள்.

"பள்ளிக்கு என்னத்துக்குப் புதுச் சப்பாத்து? களவு போயிரும்."

"போனா வேற வாங்குவம். போடுங்க."

அவர் வந்து முட்டையை வைத்ததும் கோழிகள் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கொக்கரிக்கும். தெஹிவளையிலிருந்து தான் சுமந்துவந்த முட்டைக்கு இதுகள் பெருமை பேசுவதைப் பார்த்து றவூப் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனாலும் ஒரு பிடி தீனி கூடப் போடுவார்.

ஒருநாள் மழை வரும்போல் இருந்ததால் த்ரீவீலரில் போனார். ஜீவராஜ் வெளியே வந்து த்ரீவீலரைப் பார்த்தான்.

"இன்னைக்குச் சின்னது இல்லீங்க அய்யா."

"அந்தக் கிண்ணத்தில?"

"அது வேற ஒருத்தவங்க ஆர்டருங்க."

றவூப் த்ரீவீலரை அனுப்பிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் பாலம் வரை நடந்தார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. திரும்ப நடந்து வந்து கடையில் ஏறினார்.

"இப்ப வந்திருச்சுங்க," என்று ஜீவராஜ் ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்தான்.

சரக்கு வந்த வேகம் றவூபுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்படி இரண்டரை மாதம் போயிற்று. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடவேண்டி வந்தது. சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதித்த டொக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். எல்லாம் கோழிக் கவலையில் உடம்பு உருகிய உருக்கம் என்று றவூப் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் கவலைக்கும் ஓர் அளவு உண்டு. தினமும் அலைவது எதற்கு, மொத்தமாக வாங்கி அலுமாரியில் ஒளித்துவைத்தால் என்ன என்று, நாற்பது வருடம் மொத்த வியாபாரம் செய்தவருக்கு அன்று காலையில்தான் தோன்றியது.

"ஜீவராஜ், முப்பது சின்ன முட்டை கட்டு. இனி ஒரு மாசத்துக்கு வரமாட்டன்."

ஜீவராஜின் முகம் விழுந்தது. "அது முடியாதுங்க அய்யா."

"சல்லி முன்னுக்கே தாறன்."

"வேணாங்க."

"ஒரு முட்டை விலைக்கு ரெண்டு முட்டை வில."

"மன்னிச்சுக்கங்க."

றவூப் அப்படியே நின்றார். கடன் கேட்டவனை விரட்டிய வியாபாரியைப் பார்த்திருக்கிறார். கைக்காசோடு, இரட்டை விலையோடு, மொத்தமாக வாங்க வந்தவனை விரட்டும் வியாபாரியை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இதில் ஏதோ ஒரு பெரிய கை இருக்கிறது. கல்லாவில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"யாரு பதுக்கிற? உள்ளதச் சொல்லு. சொல்லாம நான் இந்தப் படி எறங்கமாட்டன்."

ஜீவராஜ் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்க வீட்டம்மாதாங்க அய்யா, நீங்க வந்து சேர்றதுக்குள்ள முட்டைய த்ரீவீல்ல கொண்டாந்து குடுத்துட்டு, 'டொக்டர் தலகீழா நின்னு சொல்லியும் நடக்காத மனுசன், நடந்து வந்தா மட்டும் ஒன்னே ஒன்னு குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போறாங்க, திடீர்னு முப்பது கேட்டா நான் எங்கங்க போவேன், ஒங்க கோழி நாளைக்கு நாலுதான போடுது?"